கண்ணாடிக்கு விட்ட தண்ணீர்

1996ஆம் வருடம், ஜூலை மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டி ஆறாவது கிலோமீட்டரில், எதிரே வந்த மணல் லாரி ஒன்று பள்ளத்தில் தேங்கியிருந்த சேற்றை எங்கள் கார் மேல் வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முன் கண்ணாடி முழுக்கச் செம்மண். வைப்பரைப் போட்டேன். அது சேற்றைத் துடைக்கவில்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சமமாகப் பூசியது. கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற குமிழை அழுத்தினேன். ஒரு சொட்டும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். எப்போதும் கேட்கிற 'உர்ர்' என்ற சத்தம்கூட இல்லை.

பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, சாலை ஓரத்தைப் பார்த்தபடியே வண்டியை ஒதுக்கினேன். பக்கத்து இருக்கையில் என் மனைவி. அவள் மடியில் ஒரு பை, பைக்குள் அரை லிட்டர் பாட்டில். காரில் இருந்த தண்ணீர் அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு இறங்கிக் கண்ணாடி மேல் ஊற்றினேன். பாதி ஊற்றியபோது உள்ளேயிருந்து அவள் ஏதோ சொல்வது வாயசைவில் தெரிந்தது. மீதியையும் ஊற்றித் துணியால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ரீ, அது என்னோட தண்ணி" என்றாள்.

எங்கள் இருவர் குடும்பமும் மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்தவை. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் சென்னைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கணவனைக் கூப்பிட எங்கள் வீட்டுப் பெண்கள் கன்னட 'ரீ'யை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது.

அவள் சொன்னது வெறும் பேச்சு இல்லை. முந்தைய வருடம் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. கோப்பில் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய தம்பி தர முன்வந்தான், பொருந்தவில்லை. வேறு யாரும் இல்லை. எங்களுக்குக் குழந்தைகளும் இல்லை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் பெங்களூர் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மைசூரில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியேற வழியில்லாததால் ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான் குடிக்கலாம். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். தினமும் காலையில் அளவுக் குவளையில் அளந்து வைப்பது என் வேலை. எவ்வளவு குடித்தாள், காலையில் என்ன எடை, கால் வீங்கியதா என்று தேதி போட்டு எழுதுவதும் என் வேலை. அந்த வெள்ளிக்கிழமைக்கான பக்கத்தில், 'குடிநீர் 450, கண்ணாடிக்கு' என்று எழுதியிருக்கிறது.

எங்கள் முறை ஒன்பதரைக்கு. ஒன்றரைக்கு அதே நாற்காலியில் இன்னொருவர் உட்கார வேண்டும். தாமதமாகப் போனால் அந்த நேரம் எங்கள் பங்கிலிருந்து போகும். அன்று ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் ஊர்ந்து, கிடைத்த இடத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கண்ணாடியைக் கழுவி, பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐம்பது நிமிடம் போயிற்று. ஞாயிறு அன்று அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஐம்பது நிமிடம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆக, கண்ணாடிக்குத் தண்ணீர் வருவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் ரயில்வே பணிமனையில் பண்டகப் பிரிவில் இருந்தேன். பழுதான உறுப்பு எதுவானாலும் அதற்கு ஓர் அட்டை போட வேண்டும். தேதி, விவரம், காரணம். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே இருப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கட்டத்தை நிரப்பிய பழக்கத்தில், எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். கிடைத்த வைத்தியப் புத்தகங்களை எல்லாம் நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்தேன். அவள் கோப்பில் எழுதியிருந்த அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி எதிலும் போக முடியவில்லை. கார் அப்படியில்லை என்று நினைத்தேன்.

பயணத்துக்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பன்னிரண்டு வரிகளாக ஓர் அட்டையில் எழுதி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன். டயர் காற்று, என்ஜின் எண்ணெய், கோப்பு, மாத்திரைகள், போர்வை இப்படி. ஏழாவது வரி, கண்ணாடி கழுவும் தொட்டி நிரப்புதல். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவள் சொன்னாள்:

"எல்லாத்தையும் நீங்களே பண்ணிண்டு போறேள். நான் மூட்டை மாதிரி ஏறி உக்காந்துக்கறேன். எனக்கும் ஏதாவது குடுங்கோளேன்."

ஏழாவது வரியைக் கொடுத்தேன். பாரம் இல்லாத வேலை அதுதான். நான் கீழே போய் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு மேலே வருவேன். எங்கள் வீடு மாடிப் பகுதி. காஸ், குழாய், பின்கதவு எல்லாவற்றையும் மூன்று முறை பார்ப்பேன். அதற்குள் அவள் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி, அந்த வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி மூடிவைத்துவிடுவாள். அட்டையில் அவளே பென்சிலால் குறி போடுவாள். அவள் நாலு மணிக்கே எழுந்து குளித்துப் பெருமாளுக்கு விளக்கேற்றியிருப்பாள். எனக்கு அந்த வழக்கமெல்லாம் முப்பது வயதிலேயே விட்டுப்போயிற்று. அவள் பூஜை செய்கிற நேரத்தில் நான் எடைக்கருவியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். தொட்டி நிறைந்திருந்தது. ஆகவே தண்ணீர் இல்லாத குற்றம் இல்லை. தண்ணீர் பீய்ச்சுகிற இரண்டு துவாரங்களையும் அவளுடைய தையல் ஊசியால் குத்திப் பார்த்தேன். அடைப்பு இல்லை. வைப்பருக்கும் இதற்கும் ஒரே ஃப்யூஸ். வைப்பர் ஓடுகிறது, ஆகவே ஃப்யூஸ் நல்லது. ரப்பர்க் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினேன். காற்று போயிற்று. கடைசியாக உறிஞ்சியும் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீர் வாய்க்குள் வந்துவிட்டது. ஏதோ மருந்து போல, குளிர்ச்சியாக ஒரு ருசி. துப்பிவிட்டு, 'குழாயில் பழைய ரப்பர் நாற்றம்' என்று குறித்துக்கொண்டேன்.

பம்பு தொட்டியின் அடியில், ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருந்தது. கட்டைவிரல் பருமன். இரண்டு வயர். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மதியம் வண்டியை மண்டி மொஹல்லாவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

தார்ப்பாய்க் கடைக்கும் பழைய டயர்க் கடைக்கும் நடுவில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னிடம் கன்னடத்தில்தான் பேசத் தொடங்கினார். நான் பானெட்டுக்குள் குனிந்து, பார்த்து முடித்தவற்றை ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"சார் தமிழுங்களா? நமக்குக் கௌதள்ளிங்க, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். அட, இதைய மொதல்லயே சொல்றதில்லீங்களா? அரை மணி நேரமா ரெண்டு பேரும் கன்னடத்துல கஷ்டப்பட்டுட்டு இருக்கறோம்."

"அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு" என்றேன்.

"சார் கணக்கு ஆபீஸுங்களா?"

"பண்டக ஆபீஸ்."

"அதானே" என்று சிரித்துக்கொண்டு, ஒரு சின்ன பல்பிலிருந்து இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருந்த டெஸ்ட் லாம்பை எடுத்தார். பம்புக்கு வருகிற வயரைக் கழற்றி அதில் பல்பைத் தொட வைத்து, "அமுக்குங்க" என்றார். குமிழை அழுத்தினேன். பல்பு எரிந்தது. "கரண்டு வருதுங்க. மோட்டாருதான் வாங்கிக்க மாட்டேங்குது." அடுத்து பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயரைப் பம்புக்குக் கொடுத்தார். ஒன்றும் இல்லை. திருப்புளியின் கைப்பிடியால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரே ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது.

"முடிஞ்சு போச்சுங்க."

எதிர்க்கடையிலிருந்து புதியது வந்தது. பழைய பம்பை அவர் உருவியதும் தொட்டித் தண்ணீரெல்லாம் கீழே ஓடிச் சாக்கடையில் சேர்ந்தது. ரப்பர் வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை அமுக்கி, வயர் மாட்டி, குடத்திலிருந்து தண்ணீர் நிரப்பி, மறுபடி "அமுக்குங்க" என்றார். இரண்டு துவாரங்களும் திசை மாறியிருந்தன போலும். தண்ணீர் கண்ணாடியைத் தாண்டிக் கூரைக்கு மேல் போய், சந்தில் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் மேல் விழுந்தது.

"ஏன் சார், ஹோளி ஹப்பானா?" என்று, ஹோலிப் பண்டிகை கொண்டாடுகிறோமா எனக் கேட்டுக்கொண்டே சட்டையை உதறியபடி அவர் போனார்.

"பாருங்க, எம்புட்டு ஜோரா அடிக்குது!" என்றார் எலெக்ட்ரீஷியன், தான் செய்த பம்பு போல. ஊசியால் துவாரங்களைத் திருப்பிவிட்டார்.

"என்ன காரணம்?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"பம்பு போனதுக்கு."

"இதுக்கெல்லாம் என்னங்க காரணம்? வயசாயிருச்சு. போயிருச்சு."

பழைய பம்பைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஓர் அட்டை எழுதி நூலில் கட்டினேன். தேதி. விவரம். காரணம்: வயது. பிரித்துப் பார்க்கவில்லை. பண்டகப் பிரிவில் நாங்கள் எதையும் பிரிப்பதில்லை, எண் போட்டு வைப்போம்.

"ஆயிடுத்தா?" என்று கேட்டாள்.

"ஆச்சு. மோட்டார் புதுசு."

"மாத்த முடிஞ்சுதா? அதிர்ஷ்டம்தான் அதுக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பின் பதின்மூன்று பயணங்கள் நேரத்துக்குப் போனோம். நாட்குறிப்பில் வரிசையாகப் பதின்மூன்று முறை ஒன்பது பத்து, ஒன்பது இருபது என்று இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பார்த்தால் யாரோ தேறிக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றும். ஆகஸ்டு நடுவில் ஒரு செவ்வாயன்று டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயம் பெருத்துக்கொண்டு வருகிறது என்றார். நேரத்துக்குத்தானே வருகிறோம் என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேரத்துக்கே வாங்க" என்றார்.

ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமை மத்தூருக்கு முன்னால் கண்ணாடித் தண்ணீர் மறுபடி நின்றது. இந்த முறை 'உர்ர்' சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை. ஜூலைக்குப் பிறகு நான் காரில் தனியாக இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் 'கண்ணாடிக்கு' என்று காகிதம் ஒட்டியிருக்கும். அவளுடைய பாட்டிலில் 'குடிக்க' என்று. அன்று இறங்கிக் கழுவி, இருபது நிமிடம் இழந்தோம்.

"எல்லாம் ஒரே குழாய்த் தண்ணிதான். சீட்டுதான் வேற வேற" என்றாள். ஏழு வாரத்தில் ஒரு பம்புக்கு வயதாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மண்டி மொஹல்லாவில் எலெக்ட்ரீஷியனுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"சும்மா இருக்க மாட்டாம அமுக்கிட்டே இருந்தீங்களா சார்?"

"தேவைக்குத்தான். இதுவரை நாற்பத்தோரு தடவை."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குமிழை அழுத்தச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். "மோட்டாரு சுத்துதுங்க. தண்ணி ஏறல." இந்த முறை ஓர் அலுமினியச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பம்பை உருவினார். தொட்டித் தண்ணீர் சட்டியில் இறங்கியது. புதிய பம்பின் வாயில் ஒரு சின்ன வலை உண்டு. அதில் கரும்பச்சையாக, களிம்பு போல ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து விரலில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"தண்ணி எங்க புடிக்கறீங்க சார்?"

"வீட்டுக் குழாய்."

"குழாயிலயா? கோயில் வாசனையில்ல அடிக்குது."

விரலை என் மூக்குக்கு நீட்டினார். பச்சைக் கற்பூரம். ஏலக்காய். சட்டித் தண்ணீரில் துளசி இலைத் துணுக்குகள் சில கறுத்துப்போய் மிதந்தன. ஜூலையில் குழாயை உறிஞ்சியபோது என் வாய்க்குள் வந்தது ரப்பர் இல்லை. சின்ன வயதில் ஒவ்வொரு நாளும் உள்ளங்கையில் வாங்கிக் குடித்த ருசி. இருபது வருடத்தில் மறந்துபோயிருந்தேன்.

"தீர்த்தமுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அவர் வலையைப் பல்தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்தார். தொட்டியை இரண்டு முறை அலசினார். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுபடி மாட்டியதும் அடித்தது. ஆனால் சட்டியை என்ன செய்வது என்று நின்றார். காலடியில் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

"கொட்டிடுங்கோ" என்றேன்.

"என்னங் சார் இப்படிச் சொல்றீங்க? சாக்கடையில நான் ஊத்த மாட்டனுங்க. போன வாட்டி தெரியாம ஓட விட்டாச்சு. தெரிஞ்சுக்கிட்டு எப்படிங்க?"

"கெட்டுப்போன தண்ணி. எண்ணெய்கூடக் கலந்திருக்கு."

"அது அதோட இருக்கட்டுமுங்க. இந்தாங்க, கேனு தர்றேன். ஊட்டுக்குக் கொண்டுபோய் ஏதாச்சும் மரத்தடியில ஊத்திக்கங்க. அம்மாகிட்டக் கோவிச்சுக்காதீங்க" என்றார். அம்மாதான் ஊற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

டீசல் நாற்றம் அடித்த ஒரு கேனைக் கழுவி அதில் ஊற்றித் தந்தார். அதைப் பக்கத்து இருக்கையில், அவள் உட்காருகிற இடத்தில், சாய்ந்துவிடாதபடி போர்வையைச் சுற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கேனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடைச்சுண்டுடுத்தா?"

"ஏன் சொல்லலை?"

"கேக்கலையே நீங்க."

"அதுல குழாய்த் தண்ணிதானே விடணும்? எழுதி வெச்சிருக்கேனே."

"தண்ணின்னு எழுதியிருக்கேள். எந்தத் தண்ணின்னு எழுதலையே." முறத்தைக் கீழே வைத்தாள். "பின்ன அதை என்ன பண்றது, சொல்லுங்கோ. பெருமாளுக்குச் சமர்ப்பிச்சா தீர்த்தம் ஆயிடறது. முன்னே ரெண்டு பேர்ல ஒருத்தராவது குடிச்சோம், நான் குடிச்சேன். இப்போ ஒரு உத்தரணிக்கு மேல எனக்கு ஆகாது. நீங்க தொடறதில்லை. மத்த நாள்ல துளசிச் செடிக்கு விட்டுடறேன். மழைக்காலம், அதுவே வேர் அழுகி நிக்கறது. செவ்வாயும் வெள்ளியும் ஆத்தைப் பூட்டிண்டு போறோம். பூட்டின ஆத்துல தீர்த்தத்தை வெச்சுட்டுப் போகக் கூடாது. மிதிபடற இடத்துல கொட்டவும் கூடாது. குடிக்கவும் முடியலை, கொட்டவும் முடியலை. கையில சொம்போட படியில நிக்கறேன். கீழே நீங்க தொட்டியைத் திறந்து வெச்சிருக்கேள்."

கேனைச் சுவரோரமாக இறக்கி வைத்தேன்.

"கண்ணாடி மேலதானே விழறது. காலுல இல்லையே" என்றாள். "அதோட, நல்ல தண்ணியைச் சொம்பு சொம்பா அதுல ஊத்தறபோது எனக்கு வயிறு எரியும். இதுன்னா எரியலை. அஷ்டே, அவ்வளவுதான்."

அலமாரியிலிருந்து பழைய பம்பை எடுத்து அன்றைக்குத்தான் பிரித்தேன். உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தில் துளசிக் காம்பு ஒன்று நாராகிச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்ற முடியாமல் திணறித் திணறிக் கருகியிருக்கிறது. அட்டையில் 'வயது' என்பதை அடித்துவிட்டு 'துளசி' என்று எழுதினேன். அந்த வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே காரணம் அது. அந்தக் காரணத்தினால் ஜூலையில் ஐம்பது நிமிடம், ஆகஸ்டில் இருபது நிமிடம். அதைக் கூட்டி அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கூட்டத் தெரியும்.

செப்டம்பர் முதல் செவ்வாயிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர். தீர்த்தத்தை நான் குடிக்க வேண்டும். தினமும். அளந்து பார்த்தேன், நூற்று நாற்பது மில்லி. முதல் நாள் சமையலறையிலேயே நின்று, சொம்பைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தேன். குடித்து முடித்துப் பார்த்தால் அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமாள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய ஒரு நாள் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை அவள் எதிரே நின்று நான் குடித்திருந்தேன்.

"நாளையிலேர்ந்து ஸ்வல்ப அந்தப் பக்கம் திரும்பிண்டு குடிங்கோ" என்றாள்.

அப்படியே செய்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல். ஆனால் தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தத்தை எவ்வளவுதான் அடக்க முடியும்?

பம்பு அதற்குப் பின் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. செப்டம்பரில் தசரா கூட்டத்துக்கு முன்பே ஊர் நிரம்பத் தொடங்கியது, அக்டோபரில் வடகிழக்கு மழை வந்தது, லாரிகள் சேற்றை இறைத்துக்கொண்டே இருந்தன. குமிழை அழுத்தினால் இரண்டு தாரையாகத் தண்ணீர் வந்து விழும், வைப்பர் ஒரு முறை வந்து போகும், சாலை தெரியும். எல்லாப் பயணமும் நேரத்துக்குத்தான். நான்கு மணி நேரமும் முழுமையாகக் கிடைத்தது. ஆனாலும் எடை ஏறியது. கால் வீக்கம் வற்றவில்லை. அக்டோபர் கடைசியில் மாடிப்படியில் அவளை நாற்காலியில் வைத்து நானும் கீழ்வீட்டுக்காரரும் இறக்கினோம். ஏழாவது வரியை நானே செய்தேன். குறியை மட்டும் அவள் போட்டாள்.

நவம்பர் இரண்டாவது வெள்ளி. திரும்பி வரும்போது மாலை ஐந்து மணிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தில் ஏறினோம். மழை இல்லை, சேறு இல்லை, கண்ணாடி சுத்தமாக இருந்தது. அந்தப் பாலத்தில் போகும்போதெல்லாம் அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்று திரும்பவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நேரே கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீ, அதை அழுத்துங்கோளேன்."

"எதை?"

"தண்ணி அடிக்கறதை."

"கண்ணாடி சுத்தமாத்தானே இருக்கு."

"அழுத்துங்கோ."

அழுத்தினேன். இரண்டு தாரையும் கண்ணாடியில் பட்டுச் சிதறிக் கீழே வழிந்தன. வெயில் எதிரே இருந்தது. "வைப்பர் போடாதேங்கோ" என்றாள். தண்ணீர் தானாக வழிந்து முடிகிற வரை பார்த்தாள். "இன்னொரு தடவை." பாலத்தைத் தாண்டியும் அழுத்திக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஒலி எழுப்பிக்கொண்டே தாண்டிப் போனார். ஊர் எல்லை வருவதற்குள் 'உர்ர்' சத்தம் மட்டும் வந்தது.

"காலியாயிடுத்தா?"

"ஆச்சு."

"இன்னிக்கு நான் எவ்வளவு குடிச்சிருக்கேன்?"

"ஐந்நூத்தி இருபது."

"இதைச் சேத்துக்காதேங்கோ" என்றாள்.

அடுத்த செவ்வாய் காலை நான் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு மேலே வந்தேன். எடைக்கருவியைத் துடைத்து வைத்திருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. விளக்கும் ஏற்றவில்லை. "போறும்" என்றாள். நான் மணியைச் சொன்னேன். ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று மூன்று முறை சொன்னேன். "உங்களுக்குப் புரியறது" என்றாள். எனக்குப் புரிந்தது. ஆறு மணிக்குக் கீழே போய் பானெட்டை மூடினேன்.

அதற்குப் பின் ஒன்பது நாள். கேட்கிற தண்ணீரைக் கொடுங்கள் என்றார் உள்ளூர் டாக்டர். கொடுத்தேன். அளந்துதான் கொடுத்தேன். அளக்காமல் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் ஆயிரத்து நூறு குடித்தாள். மூன்றாம் நாள் அறுநூறு. ஆறாம் நாளிலிருந்து பக்கம் வெறுமையாக இருக்கிறது. குடிக்கவில்லையா, நான் எழுதவில்லையா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் காலையில் விளக்கை நான் ஏற்றினேன். தீர்த்தத்தை உத்தரணியால் மூன்று முறை அவள் உதட்டில் விட்டேன். மீதியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். திரும்பத் தேவையில்லை, அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு விளக்கேற்றுவது மறுபடி நின்றுபோயிற்று.

காரை 1998 மார்ச்சில் விற்றேன். வாங்க வந்தவர் ஒவ்வொரு குமிழாக அழுத்திப் பார்த்தார். ஹார்ன், விளக்கு, வைப்பர். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிப்பதை அழுத்தியபோது 'உர்ர்' என்று நல்ல சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை.

"பம்ப் ஹோகிதியா சார்?" என்றார். பம்பு போய்விட்டதா என்று கேட்டார்.

இல்லை, பம்பு நன்றாக இருக்கிறது, தொட்டியில்தான் தண்ணீர் இல்லை என்றேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். மேலே போய்ப் பித்தளைச் சொம்பை எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியில் பிடித்துக்கொண்டு வந்தேன்.